பதினெட்டு எழுத்தில் ஒரு நிரல்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. கத்திரி என்றால்தான் தெரியும். பெயரை வைத்தது யாரென்று நினைவில்லை. ஆனால் அதை அவன் பட்டம் வாங்கியவனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுமந்தது நன்றாக நினைவிருக்கிறது. யாராவது ஒரு விஷயத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தால் உள்ளங்கையைத் தூக்கி, விஷயத்துக்கு வரச் சொல்வான். போனை எடுத்தால் "ம்" என்பான். வைக்கும்போது அதுவும் கிடையாது. 'சரி' என்று தட்டுவதற்குக்கூட அவனுக்கு மனம் வராது; 'ச' என்று அனுப்புவான். மகள் பிறந்த அன்று மாமனாருக்கு அவன் அனுப்பிய செய்தி 'பெ'. பெண் குழந்தையா, பெரிய ஆபரேஷனா என்று புரியாமல் அந்த மனிதர் பேருந்தில் நான்கு மணி நேரம் வியர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இதை எங்களிடம் சொன்னதே அவன் மனைவிதான். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

நான் அறிக்கைகளை உறையில் போட்டு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் பதிவு மேசையும் ரத்தம் எடுக்கும் அறையும், முதல் மாடியில் இயந்திரங்கள், இரண்டாம் மாடியில் நாங்களும் கணினிப் பிரிவும். கணினிப் பிரிவு என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு ஏசி, அந்த ஏசிக்குக் கீழே கத்திரி. அவ்வளவுதான்.

பதிவு மேசையில் இருந்த அக்கா பதினாறு வருஷ அனுபவக்காரர். ஒவ்வொரு மாதிரிக் குழாயிலும் பார்கோடு ஸ்டிக்கர் இருக்கும். அதற்குரிய படிவத்திலும் அதே ஸ்டிக்கர் இருக்கும். முதலில் படிவத்தை ஸ்கேனரில் காட்ட வேண்டும், பிறகு குழாயை. இரண்டிலும் உள்ள எழுத்து ஒன்றுதானா என்று கணினி பார்த்துச் சொல்லும். ஒன்றென்றால் தட்டு எண்ணை இரண்டின்மீதும் ஒட்டி மாடிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழாய் யாருடையது என்பதை அந்த எண்தான் சொல்லும். ஆகவே யாருடைய ரத்தம் யாருடைய பெயரில் போகிறது என்பதைத் தடுத்துக் கேட்க எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த வேலைக்கான கணினி நிரலை எழுதியதும் அக்காதான். மாலை வகுப்பில் சேர்ந்து பைத்தான் படித்து எழுதினார். நாற்பத்து மூன்று வரி. அழகான நிரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது எதற்கு என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஸ்டிக்கர் ஈரமாகிப் படிக்காமல் போன நாள், ஸ்கேனர் கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்து அனுப்பிய நாள், ஒரே குழாயை இரண்டு முறை காட்டிய நாள் என்று பட்டுத் தெரிந்துகொண்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒப்பிட்ட ஒவ்வொன்றையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதியும் வைக்கும்.

பதிவு மேசைக்குப் புதுக் கணினி வந்தது. பழைய நிரலை அதற்கு மாற்றிக் கொடுக்கும்படி மேலாளர் கத்திரியிடம் சொன்னார். ஒரு கோப்பை இங்கிருந்து எடுத்து அங்கே போடும் வேலை. தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும். கத்திரிக்குப் பதினோரு நாள் ஆனது.

முதல் நாள் அவன் அக்காவின் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் பிரிவு முழுவதையும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கூப்பிட்டான். திரையில் விரலை வைத்துக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். இரண்டு சொல் ஒன்றா இல்லையா என்று பார்க்க ஒரு புராணமே எழுதியிருக்கிறார்கள் என்றான். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்காது.

அந்தச் சமயத்தில் அவன் இணையத்தில் ஒரு போட்டித் தளத்தில் மூழ்கிக் கிடந்தான். ஒரு வேலையை மிகக் குறைந்த எழுத்துகளில் யார் செய்து காட்டுகிறார்கள் என்பதுதான் அங்கே பந்தயம். ஜெயித்தால் பட்டியலில் பெயர் மேலே போகும். வேறொன்றும் கிடைக்காது. வேலையில்லாதவர்கள் விளையாடினால் யாருக்கும் நஷ்டமில்லை. இவன் சம்பளம் வாங்கும் இடத்தில் விளையாடினான்.

அவனுடைய முதல் வடிவம் ஒரே வரி:

print(input()==input())

இரண்டு சொல்லை வாங்கி, ஒன்றென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று அச்சிடும். இருபத்து மூன்று எழுத்து. இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. input என்ற சொல் இரண்டு தடவை வருகிறதே என்று அவனுக்குத் தூக்கம் கெட்டது. அதற்கு i என்று செல்லப்பெயர் வைத்தால் சுருங்கும் என்று கண்டுபிடித்தான்:

i=input;print(i()==i())

பெருமையாக வந்து காட்டினான். என் பக்கத்து மேசைக்காரர் விரல் விட்டு எண்ணினார். இதுவும் இருபத்து மூன்று. செல்லப்பெயர் வைத்த செலவும் அதில் மிச்சமானதும் சரிக்குச் சரியாகப் போயிருந்தது. கத்திரி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு பெரிய மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பதினோராம் நாள் அவன் கொண்டுவந்தது இது:

input()!=input()<x

பதினெட்டு எழுத்து. இதில் அச்சிடுவதே கிடையாது. x என்று ஒன்று நிரலில் எங்குமே இல்லை என்பதுதான் சூட்சுமம். இரண்டு சொல்லும் வேறு வேறாக இருந்தால் கணினி அந்த இல்லாத x-ஐத் தேடிப் போகும். கிடைக்காமல் சிவப்பு எழுத்தில் புலம்பிக்கொண்டு விழுந்துவிடும். ஒன்றாக இருந்தால் பேசாமல் இருக்கும். அதாவது தப்பு நடந்தால் செத்துக் காட்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. இதை அவன் ஒரு வேலைக்கான நிரல் என்று சொல்லிப் பதிவு மேசையில் நிறுவினான்.

அக்காவுக்கு அவன் கொடுத்த பயிற்சி இவ்வளவுதான்: சிவப்பு வந்தால் ஒத்துப்போகவில்லை, ஒன்றும் வராவிட்டால் ஒத்துப்போனது. மேலாளரும் பக்கத்தில் நின்றார். அவர் முந்தின வாரம்தான் ஏதோ கூட்டத்தில் எளிமையைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்திருந்தார். பதினெட்டு என்ற எண்ணைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ரெண்டு ஸ்டிக்கரையுமே ஸ்கேனர் படிக்கலன்னா இது என்ன சொல்லும்?"

"படிக்கலன்னா ஸ்கேனரை மாத்துங்க. அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

மேலாளர் சிரித்தார். அக்கா பழைய நிரலைத் தன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

ஒவ்வொரு குழாய்க்கும் நிரலை மறுபடி ஓட்ட வேண்டும். அதற்கு இரண்டு விசை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு குழாய். கத்திரி ஒரே ஒரு முறை மிச்சம் பிடித்த எழுத்துகளைப் பதிவு மேசையில் இருந்த இரண்டு பெண்களும் தினமும் அறுநூறு தடவை விரலால் அடித்து ஈடுகட்டினார்கள். இது யார் கணக்கிலும் வரவில்லை. போட்டித் தளத்தில் கத்திரி ஒன்பதாம் இடத்துக்கு ஏறியிருந்தான். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பினான்.

இரண்டு மாதம் கழித்து ஊழியர்களுக்கான வருடாந்திர உடல் பரிசோதனை வந்தது. எல்லோரும் வெறும் வயிற்றோடு காலையில் வரிசையில் உட்கார்ந்தோம். கத்திரிக்குப் பக்கத்து நாற்காலியில் வாசல் காவலாளி. ஐம்பது வயசிருக்கும், இரவு முறை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் அப்படியே வந்திருந்தார். கொஞ்ச நாளாகத் தொண்டை வறண்டுகொண்டே இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் போதவில்லை, மனைவி சோதித்துப் பார்க்கச் சொல்லித் துளைக்கிறாள் என்று என்னிடம் சொன்னார். காலில் செருப்பு கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்ததையும் காட்டினார்.

அன்று ஸ்டிக்கர் அச்சிடும் இயந்திரத்தில் மை தீரும் நிலை. ஊழியர்களுக்கான ஸ்டிக்கர்கள் எல்லாம் வெளிறிப்போய் வந்தன. கூட்டம் அதிகம் என்பதால் அக்கா ரத்தம் எடுக்கும் அறைக்கு உதவிக்குப் போயிருந்தார். மேசையில் இன்னொரு பெண் மட்டும்தான். ரத்தம் எடுத்த அறையிலிருந்து குழாய்கள் வரும்போதே பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு குழாய்கள் இடம் மாறியிருந்தன. இது எங்கள் கூடத்தில் புதிதல்ல. மாதத்துக்கு ஒரு முறை நடக்கும், நிரல் கண்டுபிடிக்கும், மாற்றி வைப்பார்கள். அன்று அந்தப் பெண் படிவத்தைக் காட்டினாள். எங்கள் ஸ்கேனர் படிக்க முடியாவிட்டால் வெறுமையாக ஒரு வரியை அனுப்பிவிடும். குழாயைக் காட்டினாள். அதுவும் வெறுமை. வெறுமையும் வெறுமையும் ஒன்றுதானே? நிரல் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் சரி என்று அர்த்தம். அவள் தட்டு எண்ணை ஒட்டி மாடிக்கு அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அறிக்கைகள் வந்தன. என் கையாலேயே உறையில் போட்டுக் கொடுத்தேன். கத்திரிக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு. காவலாளிக்கு எல்லாம் சரியாக இருந்தது.

கத்திரி முதல் வரியைப் பார்த்தான், உறையை மடித்துப் பையில் வைத்தான். மருத்துவரிடம் போகவில்லை. அவர் அரை மணி நேரம் பேசுவார் என்பது காரணம். தானே இணையத்தில் படித்துத் தனக்கு வைத்தியனானான். மறு நாளிலிருந்து எங்களுக்கெல்லாம் நரகம். எந்த மேசையில் பிஸ்கட்டைப் பார்த்தாலும் நின்று ஒரு எச்சரிக்கை. பேச்சைச் சுருக்குகிறவன் தன் உடம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேநீர் வேளை முழுவதும் போதவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கினான், ஆறு கிலோ இளைத்தான், சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். தன் மன உறுதியால்தான் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பதாக நம்பினான்.

காவலாளி தன் அறிக்கையை மனைவியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார். தாகத்துக்கு வெயில் காரணம், அசதிக்கு இரவு முறை காரணம், புண்ணுக்குச் செருப்பு காரணம். எங்கள் கூடத்தின் முத்திரை போட்ட காகிதமே சொல்லிவிட்ட பிறகு அவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

ஆறு வாரம் கழித்து ஒரு காலை, முறை மாறும் நேரத்தில், பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவர் அப்படியே வாசல் கேட்டருகே விழுந்தார். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சர்க்கரை நானூற்று அறுபதுக்கு மேல். ஷூவைக் கழற்றியபோது அந்த அறையில் யாராலும் நிற்க முடியவில்லை. உயிர் பிழைத்தார். வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் அவருடைய மனைவி எங்கள் பதிவு மேசைக்கு வந்தாள். கூச்சல் போடவில்லை. அறிக்கையை மேசையில் விரித்து வைத்து, ஒன்றரை மாதத்தில் ஒரு ஆளுக்கு இப்படி ஏறுமா என்று மட்டும் கேட்டாள். அக்கா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஊழியர் பரிசோதனை நடந்த நாளின் பதிவுகளைத் தேடினார். பழைய நிரலாக இருந்தால் ஒவ்வொரு ஒப்பீடும் நேரத்தோடு இருந்திருக்கும். பதினெட்டு எழுத்தில் அதற்கெல்லாம் இடமேது? குழாய்களையும் ஒரு வாரத்தில் கழித்துவிடுவார்கள். கையில் ஒன்றுமே இல்லை.

அக்கா அறிக்கையைக் கடைசி வரி வரை படித்தார். கடைசி வரி ரத்த வகை. அதில் ஓ பாசிட்டிவ் என்றிருந்தது. காவலாளியின் அடையாள அட்டையின் பின்புறம் பி பாசிட்டிவ். அவர் மனைவி, மூத்த பிரசவத்தில் தனக்கு ரத்தம் கொடுத்ததே அவர்தான், பி என்பது நன்றாகத் தெரியும் என்றாள். தட்டு எண்ணில் அவருக்கு முந்தின ஆள் யார் என்று அக்கா பார்த்தார். பார்த்துவிட்டு மேலாளரையும் கத்திரியையும் கீழே வரச் சொன்னார். நான் ஏதோ உறைகளைக் கொடுக்க அப்போது அங்கே நின்றிருந்தேன்.

கத்திரி வந்ததும் அவனுடைய அறிக்கையையும் அடையாள அட்டையையும் கேட்டு வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அறிக்கையில் பி. அட்டையில் ஓ. அவன் ஆறு வாரம் பையில் சுமந்த காகிதத்தின் கடைசி வரியை அன்றுதான் பார்க்கிறான்.

"தம்பி, உங்க ரத்தமும் வாட்ச்மேன் அண்ணன் ரத்தமும் மாறிடுச்சு" என்றார் அக்கா. "ரெண்டு ஸ்டிக்கரும் படிக்கல. உங்க புரோகிராம் ஒண்ணும் சொல்லல."

கத்திரி இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பிறகு கேட்டான்:

"அப்ப எனக்கு சுகர் இல்லையா?"

சிரித்துக்கொண்டே கேட்டான். அவனுக்கு நான்கடி தள்ளி அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் யார் என்பது அவனுக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. அவள் எழுந்தாள்.

"இல்ல தம்பி, உங்களுக்கு இல்ல" என்றாள். "அது எங்க வீட்டுக்காரரோடது. ஒன்றரை மாசம் நீங்க வச்சிருந்தீங்க."

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். கத்திரி தன் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். மன்னிப்பு என்ற சொல் எத்தனை எழுத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அதையும் மிச்சம் பிடித்துவிட்டான்.

அன்று சாயங்காலமே அக்கா தன் நாற்பத்து மூன்று வரியை மறுபடி ஏற்றினார். மேலாளரிடம் அனுமதி கேட்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊழியர் பரிசோதனை முழுவதையும் திரும்ப எடுத்தோம். வேறு எந்தக் குழாயும் மாறவில்லை என்று தெரிந்ததும்தான் பதிவு மேசையில் இருந்த மற்றவள் வாய்விட்டு அழுதாள். தப்பு தன்னுடையது என்றே அவள் அதுவரை நினைத்திருந்தாள். அப்படி நினைக்க வைத்ததும் கத்திரிதான். விளக்கம் கேட்டு மேலாளர் அனுப்பிய கடிதத்துக்கு அவன் எழுதிய பதில் 'பயன்படுத்தியவர் பிழை' என்ற இரண்டு சொல். மேலாளர் அதை முதலில் வாங்கி வைத்துக்கொண்டார். எளிமைக்குத் தலையாட்டிய மனிதர் அல்லவா, இரண்டு சொல்லில் விவகாரம் முடிந்தால் அவருக்கும் சௌகரியம்தான். அக்கா நான்கு பக்கம் எழுதினார். நிரல் நிறுவிய தேதி, தான் கேட்ட கேள்வி, அவன் சொன்ன பதில், அப்போது பக்கத்தில் நின்று சிரித்தவர் யார் என்பது உட்பட எல்லாம் இருந்தது. நாங்கள் பதினொரு பேர் அதில் கையெழுத்துப் போட்டு நேரே நிர்வாகத்துக்கு அனுப்பினோம். கேட்டுச் சிரித்த பாவத்துக்கு அதையாவது செய்ய வேண்டியிருந்தது.

நிர்வாகம் மேலாளரை வேறு கிளைக்கு மாற்றியது. கத்திரியை நிரல் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி, பழுதான கணினிகளின் பட்டியல் தயாரிக்கும் வேலையில் போட்டார்கள். மூன்று மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அங்கே எதைச் சுருக்குகிறானோ தெரியாது. காவலாளியின் வைத்தியத்தை நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. இப்போது அவருக்கு வாசலில் நிற்கும் வேலை இல்லை; எங்கள் பிரிவில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அறிக்கைகளைப் பெயர் பார்த்து அடுக்குகிறார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாத்திரை. சாக்லேட்டைக் கண்டால் மட்டும் இன்னும் கண் அங்கேயே போகும்.

அவர் மருத்துவமனையில் இருந்தபோது கத்திரி ஒரு முறை பார்க்க வந்தான். தானாக வரவில்லை, அவன் மனைவி விவரம் தெரிந்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள். நான் அப்போது கட்டிலருகே இருந்தேன். அவள் காவலாளியின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். புண்ணை எப்போது பிரித்துக் கட்டுகிறார்கள், வலி எப்படி, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எல்லாம் விசாரித்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்து அழுதாள். அவன் ஜன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும் நேரத்தில் அவள் அவனைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள்.

அவன் கட்டில் பக்கம் திரும்பினான். சொல்ல ஏதோ தேடுகிற மாதிரிதான் இருந்தது. காவலாளி அவனை வெகுநேரம் காக்க வைக்கவில்லை. அலமாரிமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டி, எட்டவில்லை, கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் என்றார். கத்திரி எடுத்து மூடியைத் திறந்து கொடுத்தான். அவர் குடித்து முடிக்கும் வரை நின்றான். பிறகு மூடியை வாங்கி மூடி, பாட்டிலை இருந்த இடத்திலேயே, அதே எட்டாத உயரத்தில், திரும்ப வைத்துவிட்டுப் போனான்.